கெடாமல் இருந்தால் போதுமா? உணவுப் பாதுகாப்புக்கான உயிர்த்தொழில்நுட்பப் பொருளைத் தென்னாப்பிரிக்காவில் விற்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 மார்ச் மாதம் போலோனி என்ற பதப்படுத்திய இறைச்சியைக் கடைகளிலிருந்து அள்ளிக்கொண்டு போனதை டர்பனில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். போலொக்வானே நகரில் இருந்த ஓர் ஆலையிலிருந்து லிஸ்டீரியா என்ற நோய் உண்டாக்கும் பாக்டீரியா பரவியது. 2017 தொடக்கத்திலிருந்து 2018 நடுப்பகுதி வரை உறுதியான நோயாளிகள் 1,060 பேர், இறந்தவர்கள் 216 பேர். உலகில் அதுவரை பதிவான லிஸ்டீரியா பரவல்களிலேயே இதுதான் பெரியது. அதன்பிறகு பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களைக் கொண்டு உணவைக் காக்கும் பொருள் செய்ய இறங்கும் இளைஞர்களுக்குக் குறைவில்லை. டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பிள்ளைகளும் இதில் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஆய்வகத்தில் அவர்கள் சறுக்குவதில்லை. சறுக்குவது வெளியே வந்தபிறகுதான்.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, கெடாமல் வைப்பதையும் பாதுகாப்பாக வைப்பதையும் ஒன்றாக நினைப்பது. நாற்றம், கொழகொழப்பு, நிறமாற்றம் எல்லாம் உணவைக் கெடுக்கும் கிருமிகளின் வேலை. லிஸ்டீரியா அப்படியில்லை. அது இருக்கும் இறைச்சி மணத்திலும் ருசியிலும் சாதாரணமாகவே இருக்கும். ஃப்ரிட்ஜின் 4 டிகிரியிலும் அது மெதுவாக வளரும். இப்போது உங்கள் பொருள் கெடுக்கும் கிருமிகளை மட்டும் அடக்கி, 10 நாள் தாங்கும் இறைச்சியை 25 நாள் தாங்கவைக்கிறது என்று வையுங்கள். அந்தக் கூடுதல் 15 நாளும் லிஸ்டீரியாவுக்கு நீங்கள் கொடுத்த அவகாசம். முன்பு பாட்டி முகர்ந்து பார்த்துக் குப்பையில் போட்டிருப்பார். இப்போது முகர்ந்தாலும் தெரியாது.

அதனால் நாள் கணக்கை வாக்குக் கொடுப்பதற்கு முன், உணவில் வேண்டுமென்றே லிஸ்டீரியாவைச் சேர்த்து, விற்பனைக் காலத்தின் கடைசி நாள்வரை வைத்து எண்ணிப் பார்க்கும் சோதனையைச் செய்தாக வேண்டும். செலவு அதிகம்தான். ஆனால் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், கவனக்குறைவு இருந்ததா என்று பார்க்காமலேயே தயாரிப்பாளர் முதல் கடைக்காரர் வரை பொறுப்பாளியாக்கும் பிரிவு இருக்கிறது. சோதனைச் செலவை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதோடு ஒட்டிப் பிறந்தது 'எல்லாக் கிருமியையும் கொல்லும்' என்ற விளம்பரம். பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் பதனப்பொருளான நைசின், லிஸ்டீரியா போன்ற 'கிராம்-பாசிட்டிவ்' என்ற வகை பாக்டீரியாக்களை அடக்கும். தனியாகச் சேர்த்தால் வேறு வகையைச் சேர்ந்த சால்மொனெல்லா, ஈ. கோலை மீது பெரிதாக வேலை செய்யாது. நடாமைசின் என்ற இன்னொரு பதனப்பொருள் பூஞ்சைக்கும் ஈஸ்ட்டுக்கும்தான், பாக்டீரியாவுக்கு இல்லை. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான ஃபேஜின் வீச்சு இன்னும் குறுகியது. தனக்குரிய பாக்டீரியாவைத் தவிர மற்றதைத் தொடாது. 2024 அக்டோபரில் சொவேட்டோவின் நலேடியில் ஆறு குழந்தைகள் இறந்தது டெர்புஃபாஸ் என்ற பூச்சிமருந்தால். அதை எந்த நல்ல பாக்டீரியாவும் தடுத்திருக்காது. 'பாதுகாப்பு' என்று பொத்தாம்பொதுவாக அட்டையில் அச்சடிப்பவர், இதற்கெல்லாம் தான் பொறுப்பு என்று சொல்லிக்கொள்வதாகத்தான் வாங்குபவருக்குப் படும்.

அப்புறம் மின்சாரம். ஆய்வகத்தில் 4 டிகிரி என்றால் இரவும் பகலும் 4 டிகிரி. லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு ஆறாம் கட்டம் போன நாட்களில், ஸ்பாஸா என்ற தெருமுனைச் சிறு கடையின் ஃப்ரிட்ஜ் எப்படி இருந்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும். டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் வெப்பநிலை ஏறி இறங்கும்போது உங்கள் பொருள் என்ன செய்கிறது என்ற தரவு இல்லையென்றால், கையில் இருப்பது பாதி தரவுதான். உறைநிலையில் வைக்க வேண்டிய பாக்டீரியாத் தூள் என்றால், வாங்குபவரின் கிடங்கில் அதற்கு இடமும் ஜெனரேட்டரும் உண்டா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறீர்கள் என்பதைப் பெரும்பாலும் நீங்கள் எழுதும் வாசகமே முடிவு செய்யும். உணவில் சேர்க்கும் பதனப்பொருள் என்றால் 1972ஆம் ஆண்டின் 54ஆம் எண் சட்டம், சுகாதாரத் துறை. ஆரஞ்சுப் பழத்தில் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் என்று எழுதினால் 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டத்தில் வேளாண் மருந்தாகப் பதிவு கேட்பார்கள். மரபணு மாற்றிய நுண்ணுயிர் என்றால் 1997இன் தனிச் சட்டம். விற்பனைக்காரர் உற்சாகத்தில் சேர்த்த ஒரு வரி உங்களை இன்னொரு துறையின் வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அமெரிக்காவில் 2006இலேயே லிஸ்டீரியா ஃபேஜுக்கு அனுமதி கிடைத்ததே என்று வாதாடிப் பயனில்லை. அந்த அனுமதி அந்த நாட்டுக்கு.

இந்த நாட்டுச் செடியிலிருந்தோ மண்ணிலிருந்தோ எடுத்த பொருள் என்றால் 2004ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் வேறு இருக்கிறது. அனுமதியும், அதன் பயன் பற்றிய அறிவை வைத்திருந்த சமூகத்தோடு பலன் பகிர்வும் தேவைப்படலாம். ரூயிபோஸ் என்ற மூலிகைத் தேநீர்த் தொழில், கோய், சான் என்ற பூர்வகுடி மக்களோடு 2019இல் ஒப்பந்தத்துக்கு வந்தது இந்தச் சட்டத்தை ஒட்டித்தான். இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுபவர்களே அதிகம்.

நம் ஊரில் கேட்கிற, வெளியூர் ஆலோசகருக்குத் தோன்றாத கேள்வி ஒன்று உண்டு: பாக்டீரியாவை எதில் வளர்த்தீர்கள்? வளர்ப்பு ஊடகத்தில் மாட்டிறைச்சிச் சாறோ பன்றியிலிருந்து எடுத்த நொதியோ இருந்தால், ஹலால் சான்று தேடிப் போகும்போது மாட்டிக்கொள்வீர்கள். புரட்டாசி விரதம் இருக்கும் வீடுகளிலும் அதே கேள்விதான். பால் சார்ந்த ஊடகம் என்றால் ஒவ்வாமை எச்சரிக்கை தேவையா என்று பார்க்க வேண்டும். தாவர ஊடகத்துக்குப் பிறகு மாறிக்கொள்ளலாம் என்பது சொல்லத்தான் எளிது. விளைச்சலும் வீரியமும் மாறினால் சோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

காப்புரிமை பற்றிச் சுருக்கமாக. விண்ணப்பிக்கும் முன் மாநாட்டுச் சுவரொட்டியில் எல்லாவற்றையும் காட்டிவிடாதீர்கள், காப்புரிமைக்குத் தேவையான 'புதிது' என்ற தகுதி போய்விடும். பொதுப்பணத்தில் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு என்றால் அதற்கென்றே உள்ள 2008ஆம் ஆண்டின் வேறொரு சட்டப்படி உரிமை முதலில் பல்கலைக்கழகத்துக்கு.

சரி, யார் வாங்குவார்கள்? 1994இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஃப்ளேவர் சேவர் தக்காளி, மெதுவாக மென்மையாகும்படி மரபணு மாற்றியது. அறிவியல் வேலை செய்தது. பயிரிட்டு, பொட்டலமிட்டு, லாரியில் அனுப்பும் செலவு கட்டுப்படியாகவில்லை. சில வருடங்களில் சந்தையிலிருந்து மறைந்தது. இங்கேயும் சரக்கு கெட்டால் யாருக்கு நஷ்டம் என்று தேடாமல் விலை வைக்கிறார்கள். டர்பன் மொத்தச் சந்தையில் சரக்கு முகவர் கையில் இருந்தாலும், விற்கும்வரை அது விவசாயியின் சொத்து; அழுகினால் நஷ்டம் அவருக்கு. சூப்பர்மார்க்கெட்டில் பணம் கொடுத்து வாங்கிய சரக்கு அலமாரியில் வீணானால், ஒப்பந்தம் வேறு விதமாக இல்லாதவரை, கடையின் கணக்கில் போகும். அங்கே உங்கள் பொருளுக்கான செலவை உணவுத் தயாரிப்பாளர் செய்ய, லாபத்தைக் கடை பார்க்கும். அதனால் தயாரிப்பாளர் வாங்கத் தயங்குவார். டர்பனின் வார்விக் பகுதி அதிகாலைச் சந்தையில் கொத்தமல்லிக் கட்டு விற்கும் பெண்மணிக்கோ மூன்று வாரமெல்லாம் தேவையே இல்லை. பிற்பகல்வரை இலை வாடாமல் இருந்தால் போதும், அதுவும் ஒரு கட்டுக்குச் சில சென்ட்டுகளுக்குள்.