எலும்போடு ஒட்ட வேண்டிய பூச்சு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலோகத்தில் பூசி எலும்பை ஒட்டவைக்கும் ஹைட்ரொக்சிஅபடைட் பூச்சைப் பற்றிக் கேள்விப்பட்டு, காலுக்குள் தகடு வைத்திருக்கும் கிளிநொச்சி அண்ணை ஒருவர், "என்ர தகட்டுக்கும் உதைப் பூசலாமோ?" என்று கேட்டார். எலும்பு சேர்ந்ததும் கழற்றுகிற தகட்டுக்குப் பொதுவாக இது வேண்டாம்; எலும்பு பிடித்துக்கொண்டால் கழற்றுவதே பெரும்பாடு. இந்தப் பூச்சு, செயற்கை இடுப்பு மூட்டின் டைட்டேனியத் தண்டு மாதிரி உள்ளேயே இருந்துவிடும் பொருளுக்கானது. எலும்பிலுள்ள தாதுவுக்கு அது நெருங்கிய சொந்தம். 1980களின் நடுவிலிருந்து நோயாளிகளுக்குப் பயன்படுகிறது.

தொழிற்சாலைகளில் பிளாஸ்மாவால், அதாவது மிகச் சூடான மின்னேற்ற வாயுவால், தெளிப்பார்கள். சிறிய ஆய்வுகூடத்தில் கரைசலில் தோய்த்து உலையில் சுடுவதே வசதி. அதில்தான் நாங்கள் அதிகம் பிழைவிடுகிறோம்.

என் முதல் பிழை பூசுவதற்கு முன்பே நடந்தது. சோதனைக்கு எடுத்த டைட்டேனியத் தகட்டை அசற்றோனில் ஒழுங்காகக் கழுவிவிட்டு, கடைசியாகக் கிணற்றுத் தண்ணீரில் அலசினேன். வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவே தகட்டிலும் காய்ந்தது. பூச்சு அந்தப் படிவின் மேல் உட்கார்ந்ததால் நகத்தால் சுரண்டவே உரிந்து வந்தது. உரியாமல் இருந்திருந்தால் இன்னும் மோசம்: சோதனையில் தெரியும் கிணற்றுக் கல்சியத்தைப் பூச்சின் கல்சியம் என்று நம்பியிருப்பேன். காய்ச்சி வடித்த நீரால் மட்டும் அலசுங்கள். பிறகு விரல் படக்கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னலைத் திறந்துவைத்து உலர்த்தினால் செம்மண் தூசியும் சேர்ந்து வேகும்.

தடிப்பாகப் பூசினால் உறுதி என்று நினைப்பது அடுத்தது. கோடையில் வற்றிய குளத்துச் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈரம் போகப் போக மேலே சுருங்கப் பார்க்கிறது, அடித்தரை விடுவதில்லை. பூச்சிலும் அதேதான். ஒரு தோய்ப்பு ஒரு மைக்ரோனுக்குள், அதாவது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள், நிற்கட்டும். கூட வேண்டுமென்றால் உலர்த்திச் சுட்டுத் திரும்பத் தோயுங்கள். கரைசலிலிருந்து வேகமாக வெளியே இழுத்தால் பூச்சு தடிக்கும். கையால் இழுத்தால் வேகம் சீராக வராது, சிறிய மோட்டார் ஒன்று பூட்டுங்கள்.

சூடு அளவுக்கு மிஞ்சினால் டைட்டேனியத்தில் ஒக்சைட் படலம் தடித்துப் பூச்சு கழன்றுவிடும். சரி, அளவாகத்தான் சுட்டீர்கள். உலையை அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். ஆறும்போது பூச்சு உலோகத்தைவிடக் கூடுதலாகச் சுருங்கும். இரவு முழுக்க உள்ளேயே ஆறட்டும்.

ஒட்டுநாடாவை ஒட்டி இழுத்துப் பார்த்துவிட்டு "நல்ல பிடிப்பு" என்று அறிக்கை எழுதுவதை நான் ஏற்பதில்லை. தெளித்த பூச்சுக்கு ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரம் கேட்கும் பிடிப்பு வலு குறைந்தது 15 மெகாபஸ்கல்; ஒட்டுநாடாவின் இழுப்பு அதற்குக் கிட்டவும் வராது. அப்புறம், செயற்கை உடல்திரவத்தில் ஊறவைத்ததும் மேலே எலும்புத் தாது போன்ற அபடைட் வளர்ந்தால் எலும்பும் ஒட்டும் என்று முடிவுகட்டுவதும் பிழை. அந்தத் திரவத்தில் இருப்பவை உப்பு அயன்கள். புரதமோ உயிர்க்கலமோ கிடையாது.