மாந்தோப்பின் குறுக்கே சாலை வரும்போது: சிறு தோப்புக் குடும்பங்கள் செய்ய வேண்டியவை

ஊத்துக்கோட்டை, பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களில் தாத்தா காலத்து மாந்தோப்பு இரண்டு மூன்று ஏக்கர் இருக்க, சென்னையில் குடியிருக்கும் குடும்பங்கள் பல. தச்சூர்–சித்தூர் ஆறுவழிச் சாலையும், எண்ணூர் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் அருகிலுள்ள பூஞ்சேரி வரை செல்லும் சென்னை எல்லைச் சாலையும் இந்தப் பக்கமாகத்தான் போகின்றன. நிலம் எடுக்கப்படும்போது மண்ணின் விலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மரத்தின் விலையோ அளவீட்டுக் குழு வந்துபோகும் ஒரு நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. ஆகவே அறிவிக்கை வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்குவது நல்லது.

முதலில் ஆவணங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால், வாரிசுச் சான்று பெற்றுப் பெயர் மாற்றம் செய்துகொள்ளுங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து, புலப்படத்தின் (நில அளவை வரைபடம்) நகலையும் வில்லங்கச் சான்றையும் வாங்கி வையுங்கள். பலரும் கவனிக்காமல் விடுவது அடங்கலைத்தான். ஜூலை முதல் ஜூன் வரையிலான வருவாய்க் கணக்கு ஆண்டான ஒவ்வொரு பசலிக்கும் என்ன பயிர் என்பதை அதில் கிராம நிர்வாக அலுவலர் பதிகிறார். தோப்பு காய்த்துக்கொண்டிருக்க, அடங்கலில் ‘தரிசு’ என்றோ என்றைக்கோ போட்ட ‘வேர்க்கடலை’ என்றோ இருந்தால், மரங்கள் பழையவை என்று பின்னால் நிறுவுவது கடினம். எழுத்து மூலம் மனு கொடுத்துத் திருத்தம் கேளுங்கள்; மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலைத் தவறாமல் வாங்குங்கள்.

அடுத்து, மரக் கணக்கு. பத்து மீட்டர் இடைவெளியில் நட்ட தோப்பில் ஏக்கருக்கு ஏறத்தாழ 40 மரங்கள் இருக்கும் என்பதால் இது ஓரிரு நாள் வேலைதான். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி அடிமரத்தின் சுற்றளவை அளந்து, அதே உயரத்தில் எனாமல் பெயின்டால் எண் எழுதுங்கள். சுண்ணாம்பு ஒரு மழைக்கே போய்விடும். அந்த உயரத்துக்குக் கீழேயே மரம் கவை பிரிந்திருந்தால், கவைக்குக் கீழே அளந்து அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் எண், ரகம், நட்ட ஆண்டு, சுற்றளவு, ஒட்டு மரமா நாட்டு மரமா என்ற விவரங்களை வரிசையாக எழுதுங்கள். ஒட்டுக் கன்று நான்கைந்து ஆண்டுகளிலேயே காய்ப்புக்கு வந்துவிடும், விதைக் கன்றுக்கு அதைப் போல இரு மடங்கு காலம் பிடிக்கும் என்பதால், இந்தக் கடைசி விவரம் மதிப்பீட்டுக்கு உதவும். எண் தெரியும்படி, தேதியும் இடக்குறியீடும் பதியும் வகையில் மரம்தோறும் ஒரு படம் எடுங்கள். தோப்பைக் குத்தகைக்கு விட்ட ஒப்பந்தம், கோயம்பேடு மண்டிக்குக் காய் போட்ட ரசீதுகள் ஆகியவற்றையும் அந்த நோட்டோடு சேர்த்து வையுங்கள். பங்கனப்பள்ளியும் ருமானியும் கலந்து நிற்கும் தோப்பில், அளவீட்டுக் குழு வெறும் ‘மாமரம்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவதைத் தடுக்க இவை வேண்டும்.

அறிவிக்கை எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்பதை முதலில் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956ஆம் ஆண்டுச் சட்டம். மாநில நெடுஞ்சாலை, தொழிற்பூங்கா ஆகியவற்றுக்கு முறையே 2001, 1997ஆம் ஆண்டுகளின் தமிழ்நாட்டுச் சட்டங்கள் உள்ளன. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஏ பிரிவு அறிவிக்கை வெளியான 21 நாட்களுக்குள் ஆட்சேபணை தர வேண்டும். அந்த அறிவிக்கை அரசிதழிலும் இரண்டு நாளிதழ்களிலும் வெளியாகும். வேளச்சேரியில் இருக்கும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஊரில் ஒருவரிடம் சொல்லிவைப்பது இணையத்தைத் துழாவுவதைவிடப் பயன் தரும். அதே சட்டத்தின் 3டி பிரிவு அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் அரசின் உடைமையாகிவிடும். அதன் பிறகு பேச்சு பெரும்பாலும் பணத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

அந்தப் பணம் 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி கணக்கிடப்படுகிறது. பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு ஒருபுறம், முந்தைய 3 ஆண்டுகளில் அருகில் பதிவான ஒத்த கிரயங்களில் விலை கூடுதலான பாதியின் சராசரி மறுபுறம் என்று வைத்து, எது அதிகமோ அதை எடுக்க வேண்டும். ஆகவே அக்கம்பக்கத்துக் கிரயப் பத்திர நகல்களை நீங்களே திரட்டுங்கள். நிலத்தின் மதிப்போடு மரம், கிணறு, கட்டடம் ஆகியவற்றின் மதிப்பைக் கூட்டி, அந்த மொத்தத்துக்குச் சமமான இன்னொரு தொகையை ஆறுதல் தொகையாகத் தர வேண்டும். ஒரு மரத்துக்கு 1,000 ரூபாய் குறைத்து மதிப்பிட்டால் உங்களுக்கு நட்டம் 2,000 ரூபாய். தொகை போதாதென்று கருதினால் ‘எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிவிட்டு வாங்குங்கள். நெடுஞ்சாலை வழக்கில் அடுத்த படி நடுவரிடம் மனு. அறிவிக்கைக்குப் பின் இரவோடிரவாகக் கன்றுகளை நெருக்கி நடும் வழக்கமும் உண்டு. அதைக் கண்டுபிடிக்காத அதிகாரி இல்லை. உண்மையான பழைய மரங்களின் மீதும் சந்தேகம் விழுவதுதான் மிச்சம்.

பாதித் தோப்பு தப்பினால் வேறு தொல்லைகள் வரும். சாலை மேடு வடகிழக்குப் பருவமழை நீரை மறித்தால் வேர் அழுகி மரம் பட்டுப்போகும். ஆகவே ஆட்சேபணை மனுவிலேயே புலப்பட நகலில் நீரோட்டத்தை வரைந்து காட்டி, சிறு பாலமும் தோப்புக்குள் செல்ல வழியும் கேளுங்கள். ஆழ்துளைக் கிணறு எடுக்கப்படும் பகுதியில் சிக்கினால் மின் இணைப்பை இடமாற்றும் செலவையும், நிலம் துண்டாடப்பட்டதால் நேரும் இழப்பையும் தனியே கோருங்கள். கட்டுமானப் புழுதி இலையில் படிந்தால் பூங்கொத்து வெளிவருமுன் தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம். பூ விரிந்த பின் கழுவினால் மகரந்தமும் போய்விடும். எல்லையோரம் இரண்டு வரிசை சவுக்கு வைப்பது உதவும்.

உயர் அழுத்த மின் கம்பி மட்டும் மேலே போவதானால் நிலம் எடுக்கப்படுவதில்லை. பட்டா உங்களிடமே இருக்கும், வெட்டும் மரத்துக்கு இழப்பீடு உண்டு. கம்பிக்கு அடியில் உயரமான மரம் வளர்க்க விடமாட்டார்கள் என்பதால் அங்கே எலுமிச்சை, கொய்யா போன்றவற்றைக் கவாத்து செய்து தாழ்வாக வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். வெட்டுவதற்கு முன், மர எண்ணும் சுற்றளவும் மகஜரில் (அதிகாரிகள் நேரில் பார்த்து எழுதும் பதிவு) ஏறியிருக்கின்றனவா என்று உங்கள் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, நகல் கைக்கு வந்த பிறகே கையெழுத்திடுங்கள்.