ஆர்சிபிபியில் டேட்டா ஃப்ரேமை வேகமாகக் கட்டுவது எப்படி?

ஆர் மொழியில் மெதுவாக ஓடும் லூப்பை சி++க்கு மாற்றத்தான், ஆருக்குள் சி++ கோடைச் சேர்க்க உதவும் ஆர்சிபிபி பேக்கேஜின் பக்கம் வருகிறோம். லூப்பும் சொன்னபடி பறக்கும். ஆனால் கடைசியில் விடையை டேட்டா ஃப்ரேமாக, அதாவது ஆரின் அட்டவணையாக, திருப்பித் தரும் ஒரே வரியில், மிச்சம் பிடித்த நேரமெல்லாம் கரைந்துவிடுவதுண்டு. அந்த வரியின் பெரும்பகுதி வேலை சி++இல் நடப்பதே இல்லை.

'டேட்டாஃப்ரேம்::க்ரியேட்' என்று எழுதியதும் ஆர்சிபிபி நீங்கள் கொடுத்த நெடுவரிசைகளை முதலில் ஒரு லிஸ்ட்டில் அடுக்குகிறது. அந்த லிஸ்ட்டின் கிளாஸ் 'டேட்டா.ஃப்ரேம்' தானா என்று பார்க்கிறது. இல்லையென்றால் ஆர் பக்கம் திரும்பிப் போய் 'ஆஸ்.டேட்டா.ஃப்ரேம்' ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. அங்கே நீளங்கள் ஒத்துப்போகின்றனவா, குட்டையான நெடுவரிசையைத் திரும்பத் திரும்ப நிரப்பி நீட்ட வேண்டுமா, பெயர்கள் செல்லுமா என்று ஒவ்வொன்றாகச் சோதனை நடக்கும். ஒரு தடவைக்குப் பல பத்து முதல் சில நூறு மைக்ரோசெகண்ட் வரை பிடிக்கும். இந்தச் செலவு வரிசைகளின் எண்ணிக்கையைவிட, எத்தனை தடவை கூப்பிடுகிறோம், எத்தனை நெடுவரிசைகள் என்பதைத்தான் அதிகம் பொறுத்தது.

பத்து லட்சம் வரிசை கொண்ட ஒரே அட்டவணையை ஒரு தடவை கட்டுகிறீர்கள் என்றால் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நான்கைந்து வரிசை உள்ள சின்ன அட்டவணைகளை ஒரு லூப்புக்குள் 50,000 தடவை கட்டும்போதுதான் வலிக்கும். தடவைக்கு 200 மைக்ரோசெகண்ட் என்று வைத்தாலே மொத்தம் 10 விநாடி. அப்படிப்பட்ட இடத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த 50,000 அட்டவணைகளும் தனித்தனியாக வேண்டுமா என்பது. அந்த லூப்பையும் சி++க்குள் கொண்டுபோய், ஒரே பெரிய அட்டவணையாகக் கட்டி, எந்தக் குழு என்று சொல்ல ஒரு நெடுவரிசை சேர்த்துவிட முடிந்தால், கீழே சொல்லும் எந்த வித்தையையும்விட அதுதான் அதிக வேகம் தரும்.

தனித்தனியாகத்தான் வேண்டும் என்றால், டேட்டா ஃப்ரேம் என்பது உள்ளே என்ன என்று தெரிந்துகொண்டால் போதும். அது மூன்று அடையாளங்கள் (அட்ரிபியூட்) ஒட்டிய ஒரு சாதாரண லிஸ்ட். நெடுவரிசைப் பெயர்கள், கிளாஸ், வரிசைப் பெயர்கள் ஆகியவையே அந்த மூன்று. இவற்றை சி++இலேயே நாமே ஒட்டிவிட்டால் ஆர் பக்கம் போக வேண்டிய தேவையே இல்லை.

'லிஸ்ட்::க்ரியேட்' கொண்டு நெடுவரிசைகளைப் பெயரோடு அடுக்குங்கள். எத்தனை நெடுவரிசை என்பது ஓடும்போதுதான் தெரியும் என்றால், அந்த அளவுக்கு ஒரு லிஸ்ட்டை முன்கூட்டியே ஒதுக்கி, ஒவ்வொன்றாக நிரப்பி, பெயர்களைத் தனி கேரக்டர் வெக்டராகப் பொருத்துங்கள். அடுத்து லிஸ்ட்டின் 'கிளாஸ்' அட்ரிபியூட்டை 'டேட்டா.ஃப்ரேம்' என்று வையுங்கள். கடைசியாக 'ரோ.நேம்ஸ்' அட்ரிபியூட்டுக்கு இரண்டே உறுப்பு கொண்ட இன்டீஜர் வெக்டரைக் கொடுங்கள்: முதல் உறுப்பு 'என்ஏ_இன்டீஜர்' (மதிப்பு இல்லை என்பதற்கான குறி), இரண்டாவது வரிசைகளின் எண்ணிக்கை, முன்னால் கழித்தல் குறியோடு. வேலை முடிந்தது. ஃபங்ஷன் திருப்பித் தருவது லிஸ்ட் என்று அறிவித்தாலும் டேட்டாஃப்ரேம் என்று அறிவித்தாலும் ஒன்றுதான். கிளாஸ் ஏற்கெனவே ஒட்டியிருப்பதால் 'ஆஸ்.டேட்டா.ஃப்ரேம்' கூப்பிடப்படாது.

அந்த இரண்டு உறுப்பு விஷயத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 1 முதல் 1,000 வரை தானாக எண்ணிடப்பட்ட வரிசைகளுக்கு ஆர் ஆயிரம் எண்களைச் சேமித்து வைப்பதில்லை. என்ஏ, -1000 என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொள்கிறது. கழித்தல் குறிக்குப் பொருள், 'இவை தானாக வந்த பெயர்கள்' என்பது. குறியை விட்டுவிட்டால் அட்டவணை பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும், வரிசை எண்ணிக்கையும் சரியாக வரும். ஆனால் அதை மேட்ரிக்ஸாக மாற்றும்போது, யாரோ வேண்டுமென்றே வைத்த பெயர்கள் என்று ஆர் நினைத்து, 1, 2, 3 என்று ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எழுத்துச்சரம் உண்டாக்கி ஒட்டும். பத்து லட்சம் வரிசைக்குப் பத்து லட்சம் சரங்கள். சரிபார்க்க, ஆரில் முன்னால் புள்ளி வைத்த 'ரோ_நேம்ஸ்_இன்ஃபோ' ஃபங்ஷனில் அட்டவணையைக் கொடுங்கள். விடை கழித்தல் எண்ணாக வர வேண்டும்.

'ரோ.நேம்ஸ்' வைக்கவே மறந்தால், உள்ளே தரவு முழுசாக இருந்தும் அச்சிடும்போது 0 வரிசை என்று காட்டும். தரவு தொலைந்துவிட்டது என்று லூப்பைக் குடைய வேண்டாம், முதலில் இதைப் பாருங்கள். வரிசையே இல்லாத விடை வரக்கூடும் என்றால், 'ரோ.நேம்ஸ்' இடத்தில் நீளம் 0 உள்ள இன்டீஜர் வெக்டரை வையுங்கள். ஆரும் அப்படித்தான் செய்கிறது.

வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை, ஆர் செய்துவந்த சோதனைகள் இனி நம் பொறுப்பு என்பதுதான். நீளம் ஒத்துப்போகாத இரண்டு நெடுவரிசைகளை அடுக்கினால் யாரும் தடுக்க மாட்டார்கள். அச்சிடும்போதுதான் 'கரப்ட் டேட்டா ஃப்ரேம்' என்று ஓர் எச்சரிக்கை வரும். ஆகவே கிளாஸ் ஒட்டுவதற்கு முன் எல்லா நீளங்களையும் ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் 'ஸ்டாப்' போடும் ஒரு சின்ன லூப்பைக் கட்டாயம் எழுதுங்கள். அதற்கு ஆகும் நேரம் கணக்கிலேயே வராது. பெயர்களிலும் ஒரு வித்தியாசம் உண்டு. பழைய வழியில் நெடுவரிசைப் பெயரில் உள்ள இடைவெளி புள்ளியாக மாறிவிடும், புதிய வழியில் நீங்கள் கொடுத்தது அப்படியே நிற்கும். பழைய பெயரை நம்பி எழுதிய கோட் உடையலாம்.

இவ்வளவும் செய்து, நெடுவரிசைகளையே மெதுவாக நிரப்பினால் பயனில்லை. ஆர்சிபிபி வெக்டரில் 'புஷ்_பேக்' செய்யாதீர்கள். ஒவ்வொரு தடவையும் புதிய வெக்டர் ஒதுக்கி, பழையதை முழுக்க நகலெடுக்கிறது. 1,00,000 உறுப்பு சேர்த்தால் ஏறத்தாழ 500 கோடி உறுப்புகளின் நகல். எண்ணிக்கை முன்பே தெரிந்தால் ஒரேயடியாக ஒதுக்குங்கள். தெரியாவிட்டால் சி++இன் சொந்த 'ஸ்டட்::வெக்டர்' எடுத்து, 'ரிசர்வ்' போட்டு, அதில் சேர்த்துக் கடைசியில் ஒரு தடவை மாற்றுங்கள். எல்லா இடத்தையும் நிரப்பப் போவது உறுதி என்றால், 'நோ_இனிட்' கொடுத்து ஒதுக்கினால் பூஜ்யம் நிரப்பும் வேலையும் மிச்சம். ஓர் இடம் விடுபட்டால் அங்கே குப்பை எண் இருக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

எழுத்துச்சர நெடுவரிசைதான் எல்லாவற்றிலும் மெதுவானது. ஒவ்வொரு சரத்தையும் ஆர் தன் பொதுச் சேமிப்பில் தேடிப் பார்த்துத்தான் வைக்கும். பத்து லட்சம் வரிசையில் ஆறே மாவட்டப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்றால், அந்த ஆறையும் ஒரு கேரக்டர் வெக்டரில் ஒரு தடவை உண்டாக்கி, அங்கிருந்து உறுப்பை எடுத்து வையுங்கள். இன்னும் நல்லது, பெயர்களை எண் குறியீடுகளாக வைக்கும் ஃபேக்டர்: 1 முதல் 6 வரை குறியீடுகள் கொண்ட இன்டீஜர் வெக்டர், அதில் 'லெவல்ஸ்', 'கிளாஸ்' என்ற இரண்டு அட்ரிபியூட். சி++ பழக்கத்தில் குறியீட்டை 0இல் தொடங்கிவிடாதீர்கள். தமிழ்ச் சரங்கள் என்றால் யூடிஎஃப்-8 என்ற குறிப்போடு உண்டாக்குங்கள். ஆர் 4.2க்கு முந்தைய பதிப்பு ஓடும் விண்டோஸ் கணினியில் குறிப்பில்லாத தமிழ் எழுத்துகள் சிதைந்து வரும்.

இன்னொன்று, ஆர்சிபிபி வெக்டரை லிஸ்ட்டில் வைப்பது நகலெடுப்பது ஆகாது. ஒரே வெக்டரை இரண்டு நெடுவரிசையாக வைத்துவிட்டு ஒன்றை மாற்றினால் இரண்டும் மாறும். உள்ளே வந்த வெக்டரை அப்படியே நெடுவரிசையாக்கி அதில் எழுதினால், கூப்பிட்டவரின் தரவும் கெடும். மாற்றப் போகிறீர்கள் என்றால் முதலில் 'குளோன்' செய்யுங்கள்.

விடை டேட்டா.டேபிள் என்ற பேக்கேஜின் அட்டவணையாக வேண்டும் என்றால் சி++இல் அந்தக் கிளாஸை ஒட்டாதீர்கள். அது நெடுவரிசைகளுக்குக் கூடுதல் இடம் ஒதுக்கி வைத்திருக்கும், நம் லிஸ்ட்டில் அது இருக்காது. சாதாரண டேட்டா ஃப்ரேமாகத் தந்து, ஆர் பக்கம் 'செட்டிடி' கூப்பிடுங்கள். டிபிள் என்ற இன்னொரு அட்டவணை வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. 'டிபிஎல்_டிஎஃப்', 'டிபிஎல்', 'டேட்டா.ஃப்ரேம்' என்று மூன்று பெயரையும் இதே வரிசையில் கிளாஸில் வைத்தால் போதும்.

வேகத்தை அளக்கும்போது 'மைக்ரோபெஞ்ச்மார்க்' பேக்கேஜ் கொண்டு பழைய ஃபங்ஷனையும் புதியதையும் உங்கள் நிஜ அட்டவணையின் அளவிலேயே ஓட்டி, சராசரியை விட்டுவிட்டு மீடியனை (நடு மதிப்பை) பாருங்கள். நடுவில் கார்பேஜ் கலெக்ஷன் (வேண்டாத நினைவகத்தை ஆர் விடுவிக்கும் வேலை) ஓடிய ஓரிரு தடவைகள் சராசரியை இழுத்துவிடும். வேகத்தோடு நிறுத்தாமல், இரண்டின் விடையும் ஒன்றா என்று 'ஐடென்டிக்கல்' வைத்தும் சோதியுங்கள். பெயரிலோ ஃபேக்டரிலோ ஏற்பட்ட வித்தியாசம் அங்கேயே பிடிபட்டுவிடும்.