பத்து தடவ சொன்னாலும் காதுல ஏறாத குழந்தைகிட்ட எப்படி சொல்றது?

"போய் ஷூ போடு"ன்னு அனுப்பிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு போய் பாத்தா ஒரு சாக்ஸ் கால்ல, இன்னொன்னு கையில, பிள்ளை தரையில உக்காந்து பொம்மை கார் சக்கரத்த சுத்திக்கிட்டு இருக்கும். வேணும்னே பண்ணுதுன்னு தான் நமக்கு தோணும். ஆனா கவனக் குறைபாடு (ஏடிஹெச்டி, கவனம் நிக்காம ரொம்ப துறுதுறுன்னு இருக்குற நிலை) இருக்குற குழந்தைக்கு என்ன செய்யணும்னு தெரியும், செய்ய வேண்டிய அந்த நிமிஷத்துல தான் அது மனசுல நிக்காது. 2007ல வந்த ஒரு மூளை ஸ்கேன் ஆய்வுல ஏடிஹெச்டி இருக்குற பிள்ளைங்களுக்கு மூளையோட வெளிப்பக்க அடுக்கு முதிர்றது சராசரியா 3 வருஷம் போல தாமதமாகுதுன்னு பாத்தாங்க, அதுவும் யோசிச்சு அடக்கி நடந்துக்க உதவுற நெத்திப் பக்கத்துல தான் தாமதம் அதிகம். அதனால 6 வயசு பிள்ளைகிட்ட அதே வயசு மத்த பிள்ளைங்க காட்டுற நிதானத்த எதிர்பாக்காதீங்க, நம்ம உதவிய அந்த இடத்துக்கே, அந்த நேரத்துக்கே கொண்டு போகணும், நான் கீழ சொல்றது எல்லாமே அதுக்குத் தான்.

முதல்ல சொல்ற விதம். சமையலறையில இருந்து கத்துனா வேலைக்கு ஆகாது. கைக்கெட்டுற தூரத்துக்கு போங்க, டிவி ஓடுனா நிறுத்துங்க, குனிஞ்சு தோள்ல லேசா கை வச்சு பேர சொல்லி கூப்பிடுங்க, உங்க பக்கம் திரும்புற வரைக்கும் வாய தொறக்காதீங்க (கண்ண பாத்தே ஆகணும்னு கட்டாயப்படுத்த வேணாம், திரும்புனா போதும்). அப்புறம் ஒரே ஒரு வேலை மட்டும் சொல்லுங்க. "பல்லு வெளக்கிட்டு டிரஸ் மாத்திட்டு பைய எடுத்துட்டு வா"ன்னா கடைசி வார்த்தை வர்றப்ப முதல் வார்த்தை போயிருக்கும். "சாப்பிட வர்றியா"ன்னு கேக்காதீங்க, கேள்வியா கேட்டா "மாட்டேன்"னும் பதில் வரும்ல, "சாப்பிட வா"ன்னு சொல்லுங்க. "ஓடாத"ங்குறதுக்கு பதிலா "என் கைய பிடிச்சு நட", ஏன்னா எத செய்யக்கூடாதுன்னு மட்டும் சொன்னா அதுக்கு பதிலா என்ன செய்றதுன்னு பிள்ளையே கண்டுபிடிக்கணும், அது தான் இவங்களுக்கு ரொம்ப கஷ்டம். சொல்லிட்டு மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணுங்க. அந்த அமைதி ரொம்ப முக்கியம், நாம நடுவுல திரும்ப திரும்ப பேசுனா அப்ப தான் ஆரம்பிச்ச வேலையும் கலைஞ்சிடும்.

செஞ்ச உடனே பாராட்டணும், ராத்திரி இல்ல, அப்பவே. சும்மா "குட் பாய்", "குட் கேர்ள்"னு சொல்றத விட "சொன்னதும் ஷூவ எடுத்துட்டியே"ன்னு செஞ்சத பேரோட சொல்லுங்க. ஸ்டிக்கர், டோக்கன் மாதிரி பரிசு வச்சா அன்னைக்கே கையில கிடைக்கிற மாதிரி வைங்க, மாசக் கடைசியில சைக்கிள்ங்குறது இந்த வயசுக்கு ரொம்ப தூரம். சம்பாதிச்ச ஸ்டிக்கர வேற ஏதோ தப்புக்கு புடுங்காதீங்க, அப்படி செஞ்சா அந்த சார்ட் மேல இருக்குற நம்பிக்கையே போயிடும். இன்னொன்னு, இவங்களுக்கு எதுவும் சீக்கிரம் பழசாயிடும், அதனால சார்ட் வேலை செய்யலன்னு தூக்கி போடாம பரிச மட்டும் மாத்தி பாருங்க.

நேரம்ங்குறது இவங்களுக்கு கண்ணுல தெரியணும். "இன்னும் அஞ்சு நிமிஷம்"னா அது எவ்வளவுன்னு புரியாது, மணல் கடிகாரமோ டைமரோ முன்னாடி வச்சா புரியும். காலைல செய்ய வேண்டியத படமா வரைஞ்சு ஒட்டலாம், ஆனா எல்லாத்தையும் ஹால்ல ஒட்டாதீங்க, பல்லு வெளக்குற படம் வாஷ்பேசின் பக்கத்துல, ஷூ படம் வாசல்ல.

இத எல்லாம் விட நான் பெருசா நினைக்கிறது தினமும் ஒரு பத்து நிமிஷ விளையாட்டு. போன ஒதுக்கி வச்சுட்டு கூட உக்காருங்க, என்ன விளையாட்டுன்னு பிள்ளை தான் முடிவு பண்ணனும், நீங்க கத்துக்குடுக்க கூடாது, திருத்த கூடாது, "இது என்ன கலர்"னு கேள்வியும் கேக்க கூடாது, அது செய்றத பாத்து "ஓ, பெரிய கோபுரமா கட்டுற"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா போதும். நாள் முழுக்க திட்டும் திருத்தமும் வாங்குற பிள்ளைக்கு இந்த பத்து நிமிஷம் எவ்வளவு பெருசுன்னு யோசிச்சு பாருங்க. அன்னைக்கு சேட்டை பண்ணுச்சுன்னு தண்டனையா இத மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீங்க.

கண்டிக்கணும்னா அப்பவே, சின்னதா, ஒரே மாதிரி. பொம்மைய தூக்கி எறிஞ்சா அந்த பொம்மை கொஞ்ச நேரம் அலமாரிக்கு போகும், அவ்வளவு தான். காலைல நடந்ததுக்கு சாயங்காலம் லெக்சர் குடுத்தா எதுக்கும் எதுக்கும் சம்பந்தம்னே அதுக்கு புரியாது. அடி வேணவே வேணாம், அடி பயத்த தான் குடுக்கும், கவனத்த குடுக்காது.

தூக்கத்த பாருங்க. 3லேர்ந்து 5 வயசுக்கு பகல் தூக்கமும் சேத்து 10-13 மணி நேரம், 6லேர்ந்து 12 வயசுக்கு 9-12 மணி நேரம் வேணும். குறட்டை விடுற பிள்ளைன்னா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க, ராத்திரி மூச்சு சரியா போகாம தூக்கம் கெட்டாலும் பகல்ல இதே மாதிரி தான் துறுதுறுன்னு இருக்கும். காது, கண்ணு டெஸ்ட்டும் பண்ணிடுங்க. இனிப்பு சாப்பிடுறதால தான் இப்படின்னு யாராவது சொன்னா விட்டுடுங்க, அதுக்கு ஆதாரம் இல்ல. நீங்க வளத்த விதமும் காரணம் இல்ல, இது பெரும்பாலும் பரம்பரையா வர்றது, பெத்தவங்கள்ல ஒருத்தருக்கே இருக்கலாம், அப்படின்னா சுவத்துல ஒட்டுன படமும் டைமரும் உங்களுக்கும் உதவும்.

சின்ன பிள்ளைங்க எல்லாருமே ஓடத்தான் செய்யும், அதனால எப்ப டாக்டர பாக்குறதுன்னு குழப்பம் வரும். 6 மாசத்துக்கு மேல நீடிச்சு, வீட்லயும் ஸ்கூல்லயும் ரெண்டு பக்கமும் கஷ்டமா இருந்தா குழந்தைகள் டாக்டர்கிட்டயோ குழந்தைகள் மனநல டாக்டர்கிட்டயோ போங்க. 6 வயசுக்கு கீழன்னா பொதுவா மருந்துக்கு முன்னாடி பெத்தவங்களுக்கு குடுக்குற பயிற்சிய தான் முதல்ல சொல்வாங்க, அதுக்கு மேல தேவைப்பட்டா மருந்தும் சேரும், மருந்துன்ன உடனே பதற வேணாம், டாக்டர்கிட்ட கேட்டு தெரிஞ்சுக்கலாம். போறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் ஒரு நோட்டுல எழுதி வைங்க, எந்த நேரத்துல, என்ன வேலையில தடுமாறுது, எதுல நல்லா ஒன்றி உக்காருதுன்னு. டீச்சரையும் நாலு வரி எழுதித் தர சொல்லி கையோட எடுத்துட்டு போங்க.