ஊறுகாய் ஜாடிக்குள் எந்த கிளேஸ்?

ஆரோவில் பக்கத்துப் பட்டறையில் என்னிடம் வேலை பழகுகிறவர்கள், கை கொஞ்சம் நின்றதுமே மூடி போட்ட ஜாடி வனைகிறார்கள். "அம்மா ஊறுகாய் போட்டு வைக்கத்தான்" என்பார்கள். உள்ளே என்ன கிளேஸ் என்று கேட்டுவிட்டுத்தான் எனக்கு மூச்சே வரும். சக்கரத்தில் நேரும் பிழைகள் தானாகச் சரியாகிவிடும். நான் சொல்ல வந்தது, சாப்பாடு வைக்கும் ஜாடியில் நேரும் பிழைகளை.

லெட் (ஈயம்) இல்லை, அதனால் பயமில்லை என்பது

கிளேஸ் என்பது மண்ணின் மேல் உருகி உறைந்த கண்ணாடி. கலவை சரியாக அமைந்து, சூளையும் அதற்கு வேண்டிய சூட்டை எட்டினால்தான், நிறம் தரும் உலோகங்கள் அந்தக் கண்ணாடிக்குள் கட்டுண்டு கிடக்கும். இல்லையென்றால் புளியும் எலுமிச்சையும் வினிகரும் அவற்றை இழுத்து எடுத்துவிடும்.

ஆரம்ப காலத்தில் எனக்கு ஒரு பச்சை வேண்டியிருந்தது, பாசி படிந்த படிக்கட்டு மாதிரி. 3 சதவீதம் காப்பர் கார்பனேட் போட வேண்டிய இடத்தில் 8 போட்டேன். மங்கலான, அருமையான பச்சை வந்தது. ஒரு சூளை ஜாடியும் விற்றுத் தீர்ந்தது. மூன்று வாரம் கழித்து கோட்டக்குப்பத்து அக்கா ஒருவர் தன் ஜாடியைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். "எலுமிச்சங்கா ஊறுகா போட்டேன் தம்பி, நாக்குல காசு வெச்ச மாதிரி இருக்கு." கழுவிப் பார்த்தேன். ஊறுகாய் நின்ற மட்டம் வரை கிளேஸ் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. அதற்கு மேலே அதே பச்சை. கோடு கிழித்த மாதிரி இருந்தது. வாங்கியவர்களைத் தேடிப் போய் மற்ற ஜாடிகளைத் திருப்பி வாங்கினேன். இரண்டு மட்டும் கிடைக்கவே இல்லை. யார் வீட்டில் இருக்கிறதோ என்று இன்றும் நினைப்பு வரும்.

அந்த கிளேஸில் ஒரு துளி லெட் இல்லை. போன மாதமும் ஒரு பெண் அதே மாதிரிப் பச்சையோடு வந்து, "சார், பாக்கெட்ல ஃபுட் சேஃப்னு போட்டிருக்கு" என்றாள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. அந்த வரி பாக்கெட்டில் உள்ள கலவைக்கும், அதில் சொன்ன சூட்டுக்கும்தான். நீங்கள் மேலே ஒரு கரண்டி காப்பர் சேர்த்தாலோ, இன்னொரு கிளேஸை மேலே பூசினாலோ, சூளையைக் குறைந்த சூட்டில் நிறுத்தினாலோ அது செல்லாது.

உள்ளே நிறமில்லாத, நன்றாக உருகிப் பளபளக்கும் கிளேஸ் மட்டும் போடுங்கள். நிறத்தையெல்லாம் வெளியே காட்டுங்கள். அப்புறம், ஒவ்வொரு புதுக் கலவைக்கும் ஒரு சின்ன ஓடு சுட்டு, பாதி மூழ்க வெள்ளை வினிகரில் ஒரு நாள் முழுக்க நிறுத்துங்கள். மூழ்கிய பாதி மங்கினாலோ நிறம் மாறினாலோ அந்த கிளேஸ் சாப்பாட்டுக்கு ஆகாது.

மாறவில்லை என்பதால் லெட் இல்லை என்று ஆகிவிடாது. லெட் கரைவது கண்ணுக்குத் தெரியாது. என்ன கிளேஸ் என்றே தெரியாத பாத்திரம் என்றால் ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும். அங்கே 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை ஊற்றி, 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு கரைந்தது என்று அளப்பார்கள். ரத்தத்தில் இவ்வளவு லெட் இருந்தால் பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிகம் பாதிக்கப்படுவது குழந்தைகளின் மூளை.

வலை போல் கீறல் விட்ட கிளேஸ்

ஊறுகாயும் எண்ணெயும் வேண்டாம். பருப்பு போட்டு வைக்கலாம்.

காட்சிக்குச் செய்த ஜாடி

யாரும் அதில் சாப்பாடு வைத்துவிடாதபடி அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள்.

பாண்டியில் வாங்கியதெல்லாம் ஸ்டோன்வேர் என்பது

1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். அங்கே பழகியவர்கள் வழியாக, 1300 டிகிரியை ஒட்டிச் சுட்டு, தண்ணீர் உறிஞ்சாதபடி கல்லாக இறுகும் ஸ்டோன்வேர் இந்த ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஆனால் கடைத்தெருவில் 1000 டிகிரி சுமாருக்குச் சுட்டு, பளபளவென்று கிளேஸ் பூசியதும் அதே அலமாரியில்தான் இருக்கும். ஜாடியைக் கவிழ்த்து, கிளேஸ் படாத அடி விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சொட்டு அப்படியே நின்றால் நன்றாக வெந்த மண். உறிஞ்சிக்கொண்டால் அது ஸ்டோன்வேர் இல்லை. கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி, அதில் புளிப்பு எதையும் வைக்காதீர்கள்.