உங்கள் ஊர் தீயணைப்பு நிலையத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்குவது எப்படி?

தீயணைப்புத் துறையை நவீனமாக்க இத்தனை கோடி என்று செய்தி வரும்போதெல்லாம் நமக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அதில் நம் ஊர் நிலையத்துக்கு என்ன வந்தது? யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள், கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

முதலில் யாரிடம் கேட்பது? அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணை தீயணைப்பை நகராட்சிகளின் பணிகளில் ஒன்றாகச் சொல்கிறது, மும்பையில் மாநகராட்சிதான் அதை நடத்துகிறது. தமிழ்நாட்டில் அப்படி இல்லை, உள்துறையின் கீழ் உள்ள தனித் துறை அது. நகராட்சிக்கு மனு போட்டால் 5 நாளில் உரிய இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டம் சொன்னாலும், அந்தச் சுற்று எதற்கு? நேராக மாவட்ட தீயணைப்பு அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கே (இந்தச் சட்டப்படி வரும் மனுக்களுக்குப் பதில் தர வேண்டியவர்) எழுதுங்கள்.

அதற்கு முன் ஒரு நடை நிலையத்துக்குப் போய்வாருங்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் (1944-ல் பம்பாய் துறைமுக வெடிவிபத்தில் இறந்த வீரர்களின் நினைவாக). அந்த நாட்களில் போனால் பேச்சு சுலபமாக வரும். கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவதும் வீட்டுக்குள் வந்த பாம்பைப் பிடிப்பதும் அவர்கள்தான், குறைகளும் அவர்களுக்குத்தான் அத்துபடி. வண்டியில் தண்ணீர் தீர்ந்தால் எங்கே போய் நிரப்புவீர்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், பாதிக் கதை அதிலேயே வந்துவிடும்.

இப்போது மனு. அதில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். "ஏன் புது வண்டி வரவில்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள், நான் முதல் தடவை அப்படித்தான் எழுதி ஒற்றை வரியில் "இது தகவல் அல்ல" என்ற பதிலை வாங்கிக்கொண்டேன். காரணம் கேட்டால் நழுவுவார்கள், பதிவேட்டின் நகல் கேட்டால் நழுவுவது கஷ்டம். ஒவ்வொரு வண்டியும் எந்த ஆண்டு பதிவானது (15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்ற விதி 2023 ஏப்ரலில் வந்தது, அதனால் இது முக்கியம்), அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை, புகைக்குள் போகும் மூச்சுக் கருவிகள் எத்தனை, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று தனித்தனி வரியாக எழுதுங்கள். அப்புறம், கடந்த ஓராண்டில் அழைப்பு வந்த நேரமும் வண்டி சென்று சேர்ந்த நேரமும் உள்ள பதிவேட்டுப் பக்கங்கள். நகரத்தில் 5 முதல் 7 நிமிடம், கிராமத்தில் 20 நிமிடம் என்பது தேசிய அளவுகோல்; உங்கள் ஊர் கணக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பணக் கேள்வியைத் தனி மனுவாகச் சென்னையில் உள்ள துறைத் தலைமையகத்துக்கு அனுப்புங்கள். 15-வது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி 2023-ல் மத்திய அரசு மாநிலத் தீயணைப்புத் துறைகளுக்காக 5,000 கோடி ரூபாய் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் 500 கோடி, சட்டத்திலும் கட்டமைப்பிலும் சீர்திருத்தம் செய்யும் மாநிலங்களுக்கு ஊக்கத்தொகை. தமிழ்நாடு தன் பங்காக 25 சதவீதம் போட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆகவே மாநிலப் பங்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எந்தெந்த நிலையத்துக்கு எது வாங்கப்பட்டது என்று இரண்டையும் கேளுங்கள்.

30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. பதில் கிடைத்ததும் ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டு உட்காராமல், கிராமம் என்றால் அடுத்த கிராம சபைக்கு எடுத்துப்போய்த் தீர்மானமாக எழுத வையுங்கள், நகரம் என்றால் எம்.எல்.ஏ. கையில் நகலைக் கொடுங்கள்.

பதிலுக்காகக் காத்திருக்கும் நாட்களில் ஒரு டேப்பை எடுத்து உங்கள் தெருவின் அகலத்தை, கார்கள் நிற்கும் ராத்திரி நேரத்தில், அளந்து வைத்து நிலைய அலுவலரிடம் காட்டுங்கள். வண்டி உள்ளே வருமா வராதா என்று அவர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.