ஃபென்சிங் வேறு, பழைய வாள்போர் வேறு: குழப்பிக்கொள்ளும் இடங்கள்

ஐரோப்பாவின் பழைய வாள்கலையை 14 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலான ஏடுகளிலிருந்து மீட்டு, இன்று பல நாடுகளில் பயில்கிறார்கள். இன்றைய ஒலிம்பிக் விளையாட்டான ஃபென்சிங் தெரிந்தவர்கள் அந்தப் பயிற்சிக்குப் போகும்போது முதலில் தடுக்குவது ஒரே இடத்தில்தான்: ‘நான்தான் முதலில் தொட்டேன்’ என்ற எண்ணம்.

ஃபென்சிங்கில் எப்பே, ஃபாயில், சேபர் என்று மூன்று வகை வாள்கள் உண்டு; தொட்டதை மின்விளக்கு காட்டும். எப்பே ஆட்டத்தில் இருவரும் ஒருவரையொருவர் ஒரு நொடியில் 25இல் ஒரு பங்கு நேரத்துக்குள் தொட்டால் இருவருக்கும் புள்ளி. அதைவிடச் சற்றுத் தாமதமானால், பிந்தியவருடைய விளக்கு எரியவே எரியாது. ஃபாயிலிலும் சேபரிலும் இருவரும் தொட்டால், தாக்கும் உரிமை (முதலில் தாக்கத் தொடங்கியவருக்கோ, அதைத் தடுத்துத் திருப்பித் தாக்கியவருக்கோ கிடைப்பது) யாரிடம் இருந்தது என்று நடுவர் பார்த்து ஒருவருக்குப் புள்ளி தருவார். கூர்வாளுக்கு விளக்கும் இல்லை, நடுவரும் இல்லை. குத்துப்பட்டவன் அந்தக் கணமே விழுந்துவிட மாட்டான். அவன் கையில் இன்னும் வாள் இருக்கிறது. அதனால் பழைய முறையில் அடிப்பது பாதி வேலைதான், அடிபடாமல் விலகி வருவது மீதி. எதிராளியின் வாளைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டே அடிக்கச் சொல்லித்தருவது இதற்காகத்தான். இன்றைய வரலாற்று வாள் போட்டிகள் பலவற்றில், அடித்த உடனேயே திருப்பி அடி வாங்கினால் புள்ளி குறையும், அல்லது போகும்.

அடுத்தது, முன்னும் பின்னும் மட்டுமே நகர்வது. ஃபென்சிங் ஆடும் களமான பிஸ்ட் 14 மீட்டர் நீளம், அதிகபட்சம் 2 மீட்டர் அகலம். அங்கே பழகிய கால் பக்கவாட்டில் போகவே யோசிக்கும். பழைய ஏடுகளிலோ குறுக்கே அடியெடுத்து வைப்பார்கள், இடது கையால் எதிராளியின் மணிக்கட்டைப் பிடிப்பார்கள், மல்யுத்தத்திலும் இறங்குவார்கள். 1400களின் தொடக்கத்தில் இத்தாலிய வாள் ஆசான் ஃபியோரே தம் பாடங்களை மல்யுத்தத்திலிருந்தே தொடங்குகிறார்.

எடை பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. இரு கைகளால் பிடிக்கும் பழைய நீள வாளான லாங்ஸ்வேர்டு பத்துப் பதினைந்து கிலோ இருக்கும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் ஒன்றரை கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஃபாயிலுக்கு உச்ச வரம்பு 500 கிராம். அதன் வேகத்தில் மணிக்கட்டை மட்டும் சொடுக்கினால் லாங்ஸ்வேர்டு கேட்காது. இரு கைகளும் இடுப்பும் சேர வேண்டும்.

இதற்காக ஃபென்சிங்கை ‘போலி’ என்பதும் பெரிய தவறு. நம் வீராங்கனை பவானி தேவி டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடிய சேபரில் தூரத்தைக் கணிக்கும் நுணுக்கம் எந்த வாளுக்கும் உதவும். அப்புறம், குதிரையைக் காயப்படுத்தக் கூடாது என்பதால்தான் சேபரில் இடுப்புக்குக் கீழே அடிப்பதில்லை என்ற கதைக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. பழைய சேபர் நூல்கள் காலில் வெட்டவும் கற்றுத்தருகின்றன.

கடைசியாக, தயவுசெய்து ஃபென்சிங் கவசத்தை மட்டும் நம்பி லாங்ஸ்வேர்டு சண்டைக்கு இறங்காதீர்கள். ஃபென்சிங்கிலேயே 1982இல் ரோம் நகரில், எதிராளியின் முறிந்த வாள் முகமூடியைத் துளைத்து சோவியத் வீரர் ஸ்மிர்னோவ் உயிரிழந்தார்; முகமூடிகளும் வாள் எஃகும் வலுப்பெற்றது அதற்குப் பிறகுதான். அந்த முகமூடி இன்றும் முன்பக்கத்துக்கானது, பின்தலை திறந்தே இருக்கும். லாங்ஸ்வேர்டு அடி பின்தலையிலும் விழும். பின்தலைக் காப்பு, கழுத்துக் காப்பு, விரல்களுக்குக் கனமான கையுறை இம்மூன்றையும் முதலில் வாங்குங்கள். மெல்லிய ஃபென்சிங் கையுறையோடு இறங்கினால் விரல் எலும்பு முறியும்.